காஞ்சனபுரி போகிறோம்: குவாய் ஆற்றுப் பாலம், சயாம் ரயில்பாதை, அருவி. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

வெள்ளவத்தை அக்கா
நவம்பர் 4, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். டிசம்பர் பள்ளி விடுமுறையில் குடும்பமாகத் தாய்லாந்து போக முடிவெடுத்திருக்கிறோம். பாங்கொக்கில் இரண்டு நாள் போதும் என்று இவர் சொல்கிறார். மிச்ச நாட்களைக் காஞ்சனபுரியில் கழிக்க விருப்பம். மகனுக்கு 15 வயது. போன வருடம் வகுப்புப் பிள்ளைகளோடு கித்துல்கல போய்ப் படகு ஓட்டிவிட்டு வந்தான், அன்றிலிருந்து ஆறு, படகு என்று ஒரே கதை. மகளுக்கு 10 வயது. எங்களோடு மாமாவும் வருகிறார், அவருக்கு 76. நடப்பார், ஆனால் படி ஏறினால் முழங்கால் நோகும்.

எத்தனை நாள் வேண்டும்? ரயிலில் போகலாமா, வான் பிடிப்பது நல்லதா? மாமா சைவம், சாப்பாட்டுக்கு என்ன வழி? இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், போட்ட ரயில்பாதை போன்ற போர்க்காலத்து இடங்களையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று நினைக்கிறேன். எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று தெரியவில்லை.

பாதயாத்திரை
நவம்பர் 4, இரவு 10.32

அக்கா, நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். குறைந்தது மூன்று இரவு தங்குங்கள். பாங்கொக்கில் இருந்து ஒரே நாளில் வானில் கூட்டிக்கொண்டு போய்த் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறார்கள், அது வேண்டாம். பாலத்தில் அரை மணி, அருவியில் ஒரு மணி, மிச்சமெல்லாம் வானுக்குள்தான் போகும்.

ரயிலில் போங்கள். பாங்கொக்கின் பெரிய நிலையத்தில் இல்லை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் தொன்புரி என்ற சின்ன நிலையத்தில் இருந்து புறப்படுகிறது. ஒரு நாளைக்கு இரண்டே ரயில், காலையில் 7.45 அளவில் ஒன்று, மத்தியானம் 2 மணிக்குச் சற்று முன் ஒன்று. நேரம் மாறலாம், முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாம் வகுப்பு மட்டும்தான். ஏசி இல்லை, ஜன்னலெல்லாம் திறந்தபடி. வெளிநாட்டவருக்கு 100 பாத். எங்கள் கரையோர ரயிலில் போய்ப் பழகியவர்களுக்கு ஒன்றும் கஷ்டமாக இருக்காது. இரண்டரை, மூன்று மணி நேரத்தில் காஞ்சனபுரி.

அந்த ரயில் காஞ்சனபுரியோடு நிற்பதில்லை, 'நாம் டொக்' என்ற ஊர் வரை போகிறது. நீங்கள் பார்க்கப் போகும் பழைய பாதை அதுதான். காஞ்சனபுரியை விட்டதும் பாலத்தின் மேல் ஊர்ந்து போகும். பிறகு மரவள்ளித் தோட்டம், கரும்பு, மலை. தாம் க்ராசே என்ற இடத்தில் ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறு பக்கம் கீழே ஆறு, நடுவில் 1943இல் எழுப்பிய மரத்தாங்கிப் பாலம். அதன் மேல் ரயில் நடை வேகத்தில் போகும். போகும்போது இடது பக்கம் இருங்கள், ஆறு அந்தப் பக்கம்தான். கையை வெளியே நீட்ட வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள், பாறை அவ்வளவு கிட்ட வரும்.

ஆற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊருக்குப் பக்கத்தில் இரண்டு ஆறுகள் கூடுகின்றன, க்வே யாய் பெரியது, க்வே நோய் சின்னது. கூடிய பின் பெயர் மே க்லோங். தாய் மொழியில் 'க்வே' என்றால் கிளையாறு. நாங்கள் 'குவாய்' என்று சொல்வது அவர்கள் காதில் எருமைமாடு என்று விழும். பாலம் கட்டிய காலத்தில் அந்த இடத்தில் ஓடியதற்கும் மே க்லோங் என்றுதான் பெயர். 1957இல் 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' என்ற ஆங்கிலப் படம் வந்து, எல்லோரும் குவாய் ஆற்றுப் பாலம் எங்கே என்று கேட்கத் தொடங்கியதும் 60களில் அந்தப் பகுதியின் பெயரையே க்வே யாய் என்று மாற்றிவிட்டார்கள்.

பாலத்தில் நடந்து போகலாம், காசு இல்லை. நடுவே நின்று இரும்புச் சட்டங்களைப் பாருங்கள். வளைந்தவை போர்க்காலத்தவை, ஜாவாவில் இருந்து ஜப்பானியர் கழற்றிக் கொண்டுவந்தவை. கோணமாக இருக்கும் இரண்டும் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டு உடைத்த பிறகு, போர் முடிந்து போட்டவை. இதை மகனிடம் சொல்லாமல் முதலில் அவனையே கண்டுபிடிக்க விடுங்கள்.

அருவிக்கு எரவான். எங்கள் ஐராவதம்தான் அந்தப் பெயர். ஊரில் இருந்து 65 கிலோமீற்றர் அளவு. ஏழு தட்டு. பெரியவருக்கு 300 பாத் வாங்கினார்கள். தண்ணீர் பச்சையும் நீலமுமாக இருக்கும், காலை வைத்தால் மீன் வந்து கொத்தும். மாமா இரண்டாம் தட்டு வரை ஆறுதலாக நடப்பார். அதற்கு மேல் படியும் வேரும்தான், விட வேண்டாம்.

கொட்டாஞ்சேனை 13
நவம்பர் 5, காலை 6.48

அக்கா, மகனுக்கு வெள்ளைநுரைப் படகுச் சவாரிதான் வேண்டுமென்றால் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. அந்தப் படத்தையே கித்துல்கலவில்தானே எடுத்தார்கள், களனி கங்கையில். படத்துக்காகக் கட்டி உடைத்த பாலத்தின் கொங்கிறீற் அடித்தளம் இப்போதும் பாறைகளுக்கு நடுவே இருக்கிறது. கொழும்பில் இருந்து அவிசாவளை வழியாக மூன்று மணி நேரம். காஞ்சனபுரியில் ஆறு அகலமாக, அமைதியாக ஓடும். கயாக் ஓட்டலாம், மூங்கில் தெப்பத்தில் போகலாம், ஆற்றில் மிதக்கும் அறைகளில் தூங்கலாம். பாய்ச்சல் அங்கே இல்லை. அது தெரிந்து போனால் பிள்ளை ஏமாறமாட்டான்.

மலாயா பேரப்பிள்ளை
நவம்பர் 5, இரவு 8.20

வழக்கமாக நான் இங்கே வாசித்துவிட்டுப் போகிறவன். இந்தத் தலைப்பைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை.

என் அப்பப்பா மலாயா ரயில்வேயில் கிளாக்கராக இருந்தவர். யாழ்ப்பாணத்தில் ஊருக்கு ஊர் 'மலாயன் பென்சனியர்' வீடுகள் இருந்தது மூத்தவர்களுக்குத் தெரியும். ஆங்கிலம் படித்த எங்கள் ஆட்கள் நிலைய அதிபராகவும் கணக்கராகவும் அங்கே போனார்கள். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள் தமிழ்நாட்டில் இருந்து கப்பல் ஏறியவர்கள். ஒரே மொழி பேசினாலும் இரண்டு கூட்டமும் ஒன்றாகப் பழகவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. ரப்பர் ஏற்றுமதி நின்றது, தோட்டங்களில் வேலை இல்லை, அரிசி இல்லை. அந்த நேரத்தில்தான் ஜப்பானியர் சயாமில் ரயில்பாதை போட ஆள் கேட்டார்கள். ஒரு நாளைக்கு ஒரு டொலர், மூன்று மாத வேலை, முடிந்ததும் வீடு என்று சொன்னார்கள். போனவர்கள் திரும்பவில்லை என்று தெரிந்ததும் யாரும் தாங்களாகப் போகவில்லை. அதன்பிறகு பிடித்துக்கொண்டு போனார்கள். தோட்டத்தில் இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டு, கூடியவர்களை அப்படியே லொறியில் ஏற்றியதும் நடந்தது. சம்பளம் கொடுத்த இடத்திலும் அது வாழைமரப் படம் போட்ட நோட்டு. போர் முடிந்ததும் வெறும் காகிதம்.

அப்பப்பா வேலை செய்த நிலையம் வடக்கே, சயாம் எல்லைக்குப் போகும் பாதையில் இருந்தது. மூடிய சாமான் வண்டிகளில் ஆட்களை அடைத்துக் கொண்டுபோவார்களாம். வண்டி நின்றால் உள்ளே இருந்து தமிழில் "தண்ணி, ஐயா, தண்ணி" என்று சத்தம் கேட்குமாம். ஒரு தடவை வாளியில் தண்ணீரோடு போனவரைக் காவல்காரன் துப்பாக்கிக் கட்டையால் அடித்திருக்கிறான். வலது தோளில் அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது. இதை அவர் என் அப்பாவிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார், 1983 யூலைக்குப் பிறகு, நாங்கள் கொழும்பில் வீட்டை விட்டு அகதி முகாமில் இருந்தபோது. அதற்கு முன்னும் பின்னும் சொன்னதில்லை.

பாதையின் நீளம் 415 கிலோமீற்றர், தாய்லாந்தின் பான் பொங் பக்கத்தில் தொடங்கி பர்மாவின் தான்பியூசயாத் வரை. 1942 நடுப்பகுதியில் தொடங்கி 1943 ஒக்டோபரில் முடித்துவிட்டார்கள். வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் 60,000க்கு மேல், இறந்தவர்கள் 12,000க்கு மேல். இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஆசியத் தொழிலாளர்கள், அதாவது தமிழர், மலாயர், பர்மியர், ஜாவாக்காரர், சீனர், ஏறத்தாழ இரண்டு இலட்சம் என்று வைக்கிறார்கள். அதில் 90,000 அளவில் இறந்தார்கள் என்பதுதான் பொதுவாகச் சொல்லும் மதிப்பு. மலாயாவில் இருந்து போனவர்கள் மட்டும் 75,000 அளவு, அதில் பெரும்பகுதி தோட்டத் தமிழர்.

பாதைக்கு வேண்டிய தண்டவாளத்தையும் மலாயாவில்தான் கழற்றினார்கள், கிழக்குக் கரைப் பாதையில் இருந்து. அப்பப்பா பதிவேட்டில் எழுதிய தண்டவாளமும் அங்கே எங்கேயாவது இருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

அக்கா, நீங்கள் போங்கள். பாலத்தையும் வெள்ளைக்காரர் கல்லறையையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டாம். அவ்வளவுதான் நான் கேட்பது.

வன்னிமகள்
நவம்பர் 5, இரவு 11.05

மேலே எழுதியவருக்கு நன்றி. எனக்கு வேறு ஒன்று சொல்ல இருக்கிறது, கோபத்தில் சொல்லவில்லை.

நான் கிளிநொச்சிப் பிள்ளை, வேலைக்காக இப்போது கொழும்பில். எங்கள் பக்கத்தில் போர் முடிந்து, யாழ்ப்பாணம் போகும் ஏ-9 வீதி திறந்ததும் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்தார்கள். விழுந்து கிடந்த பெரிய தண்ணீர்த் தாங்கியின் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். அவர்களில் கெட்டவர்கள் என்று யாரையும் நான் சொல்லமாட்டேன், பிள்ளைகளோடு வந்த சாதாரண குடும்பங்கள்தான். அந்த நேரம் நாங்கள் தறப்பாள் கொட்டிலில் இருந்தோம். அக்காவைக் காணவில்லை என்று அம்மா ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். வீதியில் நின்ற அந்தப் பஸ்களைக் கடந்துதான் போக வேண்டும். அவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்ததும் ஞாபகம் இருக்கிறது, அன்பாகத்தான்.

அதனால் போர் நடந்த இடத்தில் கயாக், அருவி, மிதக்கும் அறை என்று வாசித்தால் எனக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்கிறது. 90,000 பேர் செத்த ஆற்றங்கரை அது. அங்கே விளையாட முடியுமா? உங்களைக் குறை சொல்ல இல்லை அக்கா. எனக்குள்ளேயே பதில் இல்லாத கேள்வி இது.

வெள்ளவத்தை அக்கா
நவம்பர் 6, காலை 7.15

தங்கச்சி, விடிய எழுந்து இதைத்தான் முதலில் வாசித்தேன். இன்னும் பதில் எழுத வரவில்லை. மாமாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணியைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். கொஞ்சம் பொறுங்கள்.

ஹட்டன் தம்பி
நவம்பர் 6, பின்னேரம் 5.40

வன்னிமகள் அக்கா, உங்கள் கேள்விக்கு என்னிடமும் முழுப் பதில் இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

நான் தோட்டத்துப் பிள்ளை. எங்கள் தாத்தாவின் தகப்பனும் அவர் தம்பியும் திருச்சிப் பக்கத்தில் ஒரே ஊர். அண்ணன் இலங்கைக் கங்காணியோடு மன்னார் வழியாக நடந்து வந்தார், தம்பி நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலாயா போனார். இங்கேயும் லயம், அங்கேயும் லயம். இங்கேயும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, அங்கேயும் பெரட்டு. 1942க்குப் பிறகு அந்தத் தம்பியிடம் இருந்து கடிதமே இல்லை. வீட்டில் கேட்டால் "சயாமுக்குப் போனவர்" என்ற அளவோடு நிறுத்திக்கொள்வார்கள். சின்ன வயதில் சயாம் என்றால் செத்த பிறகு போகும் இடம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அதனால் இதைத் தேடிப் படித்தேன். எங்கள் ஆட்கள் ஏன் இவ்வளவு அதிகமாகச் செத்தார்கள் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. போர்க்கைதிகளுக்கும் அடி, பட்டினி, வயிற்றோட்டம், மலேரியா எல்லாம் இருந்தன. ஆனால் அவர்கள் ஒரு படையாக இருந்தார்கள். அவர்களுக்குள் மருத்துவர்கள் இருந்தார்கள், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி, மலக்குழியைத் தள்ளி வெட்டு என்று கட்டளை போட அதிகாரிகள் இருந்தார்கள். தோட்டத்தில் இருந்து போனவர்களுக்கு யாருமே இல்லை. குடும்பமாகப் போனவர்களும் உண்டு. 1943 மழைக்காலத்தில் வாந்திபேதி வந்தபோது முகாம் முகாமாக அழிந்தது அதனால்தான். அதே மாதங்களில்தான் பாதையைக் கெதியாக முடிக்கச் சொல்லி இரவும் பகலும் அடித்து வேலை வாங்கினார்கள்.

இன்னொன்று பெயர். கைதிகளின் அதிகாரிகள் யார் எங்கே புதைக்கப்பட்டார் என்று ஒளித்து ஒளித்து எழுதி வைத்தார்கள். போர் முடிந்ததும் ஒரு குழு அந்தப் பட்டியலோடு பாதை நெடுகத் தேடிப் போய் உடல்களை எடுத்துக்கொண்டு வந்தது. அதனால்தான் காஞ்சனபுரிக் கல்லறையில் ஏறத்தாழ 7,000 பேருக்கு ஆளுக்கொரு பலகை இருக்கிறது. ஆற்றுக்கு அப்பால் சுங்காய் கல்லறையில் இன்னும் 1,700 அளவில். எங்கள் ஆட்களுக்குப் பட்டியல் எழுதவும் யாரும் இல்லை, தேடி வரவும் யாரும் இல்லை.

அக்கா குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெரிய கல்லறைக்குப் பக்கத்திலேயே வாட் தாவோர்ன் வராராம் என்ற விகாரை இருக்கிறது, வாட் யுவான் என்றும் சொல்வார்கள். அதன் வளவில் ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளை ஒன்றாகப் புதைத்த இடம் இருக்கிறது, மேலே ஒரு நினைவுக்கட்டடம். 2023இல் மலேசியாவிலும் தாய்லாந்திலும் உள்ள தமிழர்கள் முன்னின்று அங்கே ஒரு நடுகல் நாட்டினார்கள். தமிழ்நாடு அரசும் பணம் கொடுத்தது. நடுகல் என்றால் விழுந்தவன் பெயரை எழுதி நடுவதுதான் எங்கள் வழக்கம். இந்தக் கல்லில் எழுத எவரிடமும் பெயர் இல்லை.

வன்னிமகள் அக்கா, ஆட்கள் அங்கே போகாமல் விட்டால் அந்தக் கல்லடியில் யார் விளக்கு வைப்பது?

பாதயாத்திரை
நவம்பர் 6, இரவு 9.02

இரண்டு தடவை போனேன் என்று மேலே எழுதினேன். அந்த விகாரை வாசலைக் கடந்துதான் இரண்டு தடவையும் நடந்திருக்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வெட்கமாக இருக்கிறது தம்பி.

ஜீத் நூதனசாலைக்கும் போனேன், ஆற்றோரத்தில் ஒரு விகாரைக்குள் மூங்கில் கொட்டிலாகக் கட்டியிருப்பார்கள், கைதிகள் இருந்த மாதிரியே. அந்தப் பெயர் ஜப்பான், இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, அமெரிக்கா, தாய்லாந்து, ஒல்லாந்து ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்தது. அங்கே நின்று அந்தப் பெயர்ப்பலகையை நானும் படம் எடுத்தேன். எங்கள் ஆட்கள் அந்த எழுத்துகளுக்குள் இல்லை என்பது இன்றைக்குத்தான் தட்டுகிறது.

அக்கா, ஒரே ஒரு நூதனசாலைக்குத்தான் நேரம் இருந்தால் கல்லறைக்கு முன்னால் இருக்கும் தாய்லாந்து–பர்மா ரயில்பாதை மையம் என்ற நூதனசாலைக்குப் போங்கள். பாதை எப்படிப் போனது, எந்த முகாமில் எத்தனை பேர் என்று வரைபடத்தோடு இருக்கிறது. ஆசியத் தொழிலாளர்களையும் விடாமல் சேர்த்திருக்கிறார்கள். ஏசியும் உண்டு, மாமாவுக்கு நல்லது.

வன்னிமகள்
நவம்பர் 6, இரவு 10.47

தம்பி எழுதியதை மூன்று தடவை வாசித்தேன்.

அந்தப் பஸ்களில் வந்தவர்கள் யாராவது ஒருவர் இறங்கி, "உங்கள் வீட்டில் யாரை இழந்தீர்கள்?" என்று எங்கள் அம்மாவைக் கேட்டிருந்தால், அவர்கள் பிறகு எங்கே போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டாலும் எனக்கு இவ்வளவு காலம் நொந்திருக்காது. இப்போது அதுதான் விளங்குகிறது.

அக்கா, பிள்ளைகளை ஆற்றில் இறக்குங்கள். முதலில் அந்தக் கல்லடிக்குப் போங்கள்.

கொட்டாஞ்சேனை 13
நவம்பர் 7, மத்தியானம் 12.15

சாப்பாட்டுக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. தாய்லாந்தில் மஞ்சள் கொடி போட்டு 'ஜே' என்று எழுதியிருக்கும் கடையைப் பாருங்கள். இறைச்சி, மீன், முட்டை எதுவும் இல்லை, வெங்காயம் உள்ளியும் போடமாட்டார்கள். மற்றக் கடைகளில் மரக்கறி என்று சொன்னாலும் மீன்சோஸ் விட்டுவிடுவார்கள். மாமாவுக்கு வெறும் சோறும் வாழைப்பழமும் எங்கேயும் கிடைக்கும். ஊறுகாய்ப் போத்தல் ஒன்றைக் கட்டாயம் கொண்டு போங்கள். விசா விதி அடிக்கடி மாறுகிறது, டிக்கட் எடுக்க முன்னர் தூதரகத்தின் தளத்தில் பார்த்துவிடுங்கள். நேரம் எங்களைவிட ஒன்றரை மணி முன்னால்.

வெள்ளவத்தை அக்கா
ஜனவரி 3, இரவு 8.30

வந்துவிட்டோம். ஆறுதலாக எழுத வேண்டும் என்று நாலு நாள் பொறுத்தேன்.

தொன்புரியில் இருந்து ரயிலில்தான் போனோம். மாமா ஜன்னலோரத்தில் இருந்து வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ரயிலில் விற்ற பொரித்த வாழைப்பழத்தை மகள் வாங்கிக் கொடுத்தாள், நல்லாயிருக்கிறது என்று இரண்டாம் பொட்டலமும் கேட்டார்.

ஊருக்குப் போய்ச் சேர்ந்த அன்றே கல்லறைக்குப் போனோம். நிலையத்தில் இருந்து நடக்கிற தூரம். புல்லை ஒட்டவெட்டி, ஒவ்வொரு பலகைக்கும் பக்கத்தில் பூச்செடி வைத்திருக்கிறார்கள். மகள் ஒவ்வொரு வரிசையாகப் போய் வயதுகளைச் சத்தமாக வாசித்தாள். இருபத்தொன்று, இருபத்திநாலு, இருபத்திமூன்று. சில பலகைகளில் தாய் தகப்பன் எழுதிக் கொடுத்த ஒரு வரியும் இருக்கிறது. "அம்மா, அண்ணாவைவிட ஆறு வயதுதான் கூட" என்று சொல்லிவிட்டு வாசிப்பதை நிறுத்திவிட்டாள். அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே. அங்கே நின்றபோது வெள்ளைக்காரர், எங்கள் ஆட்கள் என்று பிரித்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

பிறகு விகாரை. தம்பி சொல்லியிருக்காவிட்டால் நாங்களும் கடந்துதான் போயிருப்போம். வாசலில் இருந்த அம்மாவிடம் மெழுகுதிரியும் ஊதுபத்தியும் வாங்கினோம். உள்ளே வேறு யாருமே இல்லை. கல்லறையில் பத்துப் பன்னிரண்டு சுற்றுலாப் பஸ் நின்றன, சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது.

மாமா செருப்பைக் கழற்றினார். நாங்களும் கழற்றினோம், சீமெந்து சுட்டது. அவர் சட்டைப் பையில் இருந்து ஒரு சின்னப் பொட்டலம் எடுத்தார். வீட்டில் இருந்து கொண்டு வந்திருக்கிறார், எங்களிடம் சொல்லவே இல்லை, திருநீறு. கல்லடியில் வைத்துவிட்டுத் தேவாரம் ஒன்று பாடினார். அவருக்குக் குரல் உடைந்து பல வருடம், நடுவில் இரண்டு தடவை நின்று மூச்சு எடுத்தார். மகனும் சேர்ந்து பாடினான். அவன் தேவாரம் பாடி நான் கேட்டது ஆறாம் வகுப்போடு முடிந்திருந்தது.

அதன் பிறகு மாமா சொன்னதை இங்கே எழுத அனுமதி கேட்டிருக்கிறேன், எழுது என்றார். அவருடைய பெரியப்பா ஒருவரும் மலாயாவில் இருந்தவர், தைப்பிங்கில். போரோடு தொடர்பு விட்டுப்போனது. ரயில்பாதைக்குப் போனாரா, அங்கேயே வருத்தம் வந்து செத்தாரா, ஒன்றும் தெரியாது. மாமாவின் அப்பம்மா, அதாவது அந்தப் பெரியப்பாவைப் பெற்றவர், செத்துப்போகும் மட்டும் அவருக்குத் திவசம் செய்ய விடவில்லையாம். மகன் வருவான் என்று. அதற்குப் பிறகும் யாரும் செய்யவில்லை. நவம்பரில் அந்தத் தேத்தண்ணியைக் குடிக்காமல் ஏன் எழுந்து போனார் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. முப்பது வருடம் ஒரே வீட்டில் இருக்கிறோம்.

மற்ற நாட்களைக் கெதியாகச் சொல்லிவிடுகிறேன். அடுத்த நாள் பாலத்துக்கு முன்னால், ஆற்றின் மேற்பக்கத்தில் இருந்து கயாக் எடுத்து, ஊர்ப்பக்கமாக நீரோட்டத்தோடு இரண்டு மணி நேரம் வந்தோம். லைஃப் ஜாக்கெட் பிள்ளைக்கு அளவாகத் தந்தார்கள். பாலத்துக்குக் கீழே வந்ததும் மகன் துடுப்பை மடியில் வைத்துவிட்டு மேலே பார்த்தான், வளைந்ததையும் கோணமானதையும் அவனே காட்டினான். எரவானில் நாங்கள் ஐந்தாம் தட்டு வரை, அவன் ஏழும் ஏறினான். மாமா இரண்டாம் தட்டில் காலை விட்டுக்கொண்டு இருந்தார், மீன் கொத்தக் கொத்தச் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். எரவானுக்கு வான் பேசிய இடத்தில் மட்டும் திரும்பி வந்த பிறகு கூடக் காசு கேட்டார்கள். போகுமுன் திரும்பும் நேரத்தையும் சேர்த்து எழுதி வாங்குங்கள்.

மூன்றாம் நாள் நாம் டொக் வரை ரயிலில் போய், அங்கிருந்து வண்டி பிடித்து நரகநெருப்புக் கணவாய்க்குப் போனோம். ஊரில் இருந்து 80 கிலோமீற்றர். இரவில் தீப்பந்த வெளிச்சத்தில் எலும்பும் தோலுமாக வேலை செய்தவர்களைப் பார்த்துக் கைதிகள் வைத்த பெயர் அது. அவுஸ்திரேலிய அரசு பராமரிக்கிறது, 1998இல் திறந்த நூதனசாலையும் உண்டு, நுழைவுக்குக் காசு இல்லை. கீழே இறங்கப் படிகள் அதிகம், மாமாவும் நானும் மேலேயே நின்றோம். மகன் மட்டும் தகப்பனோடு இறங்கினான். சுத்தியலும் துளைக்கம்பியும் வைத்துக் கையால் வெட்டிய பாறை, சுவரில் துளைக்கம்பி இறங்கிய தடம் இன்னும் இருக்கிறதாம். அந்தத் தடத்துக்குள் விரலை வைத்துப் பார்த்தானாம். இரவு சாப்பிடும்போது சொன்னான்.

வன்னிமகள் தங்கச்சி, கல்லடியில் ஒரு மெழுகுதிரி உங்கள் அக்காவுக்கும் ஏற்றினேன். உங்களிடம் கேட்காமல் செய்தது பிழை என்றால் மன்னியுங்கள். காணாமல் போனவருக்கு மெழுகுதிரி ஏற்றலாமா என்று எனக்கே தயக்கமாக இருந்தது. அதனால் அதை மட்டும் மற்றவற்றோடு வைக்காமல் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

வன்னிமகள்
ஜனவரி 3, இரவு 11.52

பிழை இல்லை அக்கா. தள்ளி வைத்தீர்களே, அதற்கு நன்றி. அம்மாவுக்கு நாளைக்குச் சொல்கிறேன்.

ஹட்டன் தம்பி
ஜனவரி 4, காலை 6.05

அக்கா, தேவாரம் பாடிய மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். எங்கள் வீட்டுச் சின்னத் தாத்தாவுக்கும் அது போய்ச் சேர்ந்திருக்கும்.

நான் ஏப்ரலில் போக நினைக்கிறேன், வெயில் கடுமையாக இருக்கும் என்று தெரியும், ஆனால் லீவு அப்போதுதான் கிடைக்கும்.

பாதயாத்திரை
ஜனவரி 4, காலை 8.40

ஏப்ரல் நடுவில் சொங்கிரான், அவர்களுடைய புத்தாண்டு. அறைகள் நிரம்பிவிடும், வீதியெல்லாம் தண்ணீர் ஊற்றுவார்கள். மாதத் தொடக்கத்திலோ கடைசியிலோ போ தம்பி. துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். அந்த வாசலுக்குள் எனக்கும் போக வேண்டும்.

மலாயா பேரப்பிள்ளை
ஜனவரி 4, இரவு 7.30

அக்கா, அந்தக் கல்லை எடுத்த படம் ஏதாவது இருந்தால் தனிச்செய்தியில் அனுப்ப முடியுமா? அப்பாவுக்கு இப்போது எழுந்து நடக்க முடியாது. பெரிதாக அச்சடித்து அப்பப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்று பார்க்கிறேன்.

வெள்ளவத்தை அக்கா
ஜனவரி 4, இரவு 8.12

அனுப்பிவிட்டேன். நல்லதாக ஒன்றுதான் இருக்கிறது, அதில் ஓரத்தில் மாமாவின் கையும் திருநீற்றுப் பொட்டலமும் விழுந்திருக்கின்றன. வேண்டுமென்றால் மகனிடம் சொல்லி அந்தப் பக்கத்தை வெட்டித் தருகிறேன்.

மலாயா பேரப்பிள்ளை
ஜனவரி 4, இரவு 8.15

வெட்ட வேண்டாம் அக்கா. கையும் இருக்கட்டும்.